பேராச்சி வீடு சிவந்த கதை

வெள்ளிப்பொட்டலில் நிலம் வளரத் தொடங்கியதை முதலில் கண்டவள் உலகம்மாள்தான், ஆனால் நிலம் வளர்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை, தன் சக்களத்தி பேராச்சி வெட்கம் தாங்காமல் வீட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது, அப்படித் தோன்றியதில் அவளுக்கு அந்தப் பங்குனி மாதம் முழுக்க நல்ல தூக்கம் வந்தது.

உலகம்மாளின் வீடு உப்பளத்துக்கு மேற்கே, பேராச்சியின் வீடு கிழக்கே, நடுவில் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகள், மறைக்க ஒரு மரம் கிடையாது, ஒரு மேடு கிடையாது. கொம்பையா இரண்டாவதாகப் பேராச்சியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, ஒருத்தி குரல் இன்னொருத்திக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு தள்ளிக் கொண்டுபோய் அந்த வீட்டைக் கட்டினான். காதுக்குத் தூரம் பார்த்தவன் கண்ணுக்குத் தூரம் பார்க்க மறந்துவிட்டான். அதனால் உலகம்மாள் முப்பது வருஷத்துக்கு மேலாக வாசலில் நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்புப் புகை எப்போது எழும்புகிறது, கொடியில் என்ன துணி காய்கிறது, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். பேராச்சி பிள்ளை உண்டாகியிருப்பதைக் கொம்பையாவுக்கு முன்பே அவள் தெரிந்துகொண்டாள், குடத்தைத் தூக்குவதற்கு அவள் குனிந்த விதத்திலிருந்து. அந்தப் பிள்ளை பெரியவளாகிக் கல்யாணமாகிப் போன அன்றைக்குப் பந்தல் போட்டதையும், அழைப்பு வராததால், வாசலில் நின்றுதான் பார்த்தாள். உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு மத்தியான வேளையில் கொம்பையா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபடியே விழுந்து செத்துப்போனபோது, இரண்டு பேரும் பிணத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு போனதும் ஒருத்தி மேற்கே நடந்தாள், ஒருத்தி கிழக்கே நடந்தாள். அதற்கப்புறமும் சாயங்காலமானால் பேராச்சி வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் உலகம்மாள் தன் விளக்கைப் போடுவாள். முந்திப் போட்டால் அவளுக்காகக் காத்திருந்தது மாதிரி ஆகிவிடும் என்பது அவள் எண்ணம்.

சித்திரை முடிவதற்குள் கொடியில் காய்வது சேலையா துண்டா என்று தெரியாமல் போனது. பிறகு கொடியே தெரியாமல் போனது. பிறகு அந்த வீட்டின் சுண்ணாம்புச் சுவர் பழுக்க ஆரம்பித்தது. வெள்ளையாக இருந்தது மோர்ச்சோற்றின் நிறத்துக்கு வந்து, அதிலிருந்து எலுமிச்சம்பழத்தின் நிறத்துக்கு வந்தது.

"இந்த வயசுல இவளுக்கு மஞ்சப் பெயிண்டு கேக்குதாக்கும்" என்று உலகம்மாள் வாசலிலேயே காறித் துப்பினாள்.

அப்புறம்தான் ஊருக்கே தெரிந்தது. அளத்துக்குத் தூக்குவாளியில் டீ கொண்டுபோகும் மூக்காண்டி, போய்ச் சேருமுன் டீ ஆறிவிடுகிறது என்றார். உப்பு வாருகிற பெண்கள் கால் வலிக்கிறது என்றார்கள். பாத்தி பாத்தியாகவே இருந்தது, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவேதான் நிலம் ஊறி ஊறி வளர்ந்தது. வீடு வீடாகவே இருந்தது, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேதான் வளர்ந்தது. யாரும் பிறக்காத, யாரும் சாகாத, ஒரு நண்டு வளைகூட இல்லாத அந்தப் புது நிலத்தைப் பார்த்ததும் ஆம்பிளைகள் முதலில் செய்த காரியம், ஓடிப்போய் வேலி போட்டதுதான். ஒரு வாரத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முள்கம்பி முறுக்கேறி வீணைக் கம்பி போல ரீங்காரம் செய்தது, அடுத்த வாரம் அறுந்தது. அளக்க வந்த கிராம அதிகாரி காலையில் ஒரு அளவும் சாயங்காலம் ஒரு அளவும் கண்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு மேலிடத்தில் கேட்டு வருகிறேன் என்று போனார். அவர் திரும்பி வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். வந்துகொண்டுதான் இருக்கிறார், வழிதான் முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள்.

மின்சாரக் கம்பிக்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு லைன்மேன் சலித்துப்போய் விட்டுவிட்டார், வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. பஸ் வருவது தூரத்தில் சிவப்பாகத் தெரியும், ஹாரன் சத்தம் எருமை கத்துவதுபோலக் கனத்து இழுத்துக் கேட்கும், பஸ் மட்டும் வந்து சேராது. வெளியூரிலிருந்து வரும் போன்களும் அப்படித்தான் ஆயின. சின்னப்பிள்ளைகள் பேசினாலும் ஆம்பிளைக் குரலாக ஆழத்திலிருந்து வந்தது. "சாப்டியாம்மா" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் இங்கே உலை கொதித்துவிடும். அந்த வார்த்தைகளைக் கேட்பதற்காகப் பெண்கள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வேலை பார்த்தார்கள், வாசல் பெருக்கினார்கள், மீன் அறுத்தார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டதோடு அதற்கு ஒரு பேச்சும் உண்டாக்கிக்கொண்டது. ஒரு வீடு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல்லாகி, கடைசியில் அணையப்போகிற கங்கு மாதிரி ஆகும்போது, "அவங்க வீடு செவந்து போச்சு" என்றார்கள். மிச்சமிருக்கிற அக்கம்பக்கத்தார் வெளியே வந்து அந்தத் திசையைப் பார்த்து நின்று, அந்த வீட்டிலிருக்கிற ஒவ்வொருவர் பேரையும் ஒருமுறை சத்தமாகக் கூப்பிடுவார்கள், என்றைக்காவது போய்ச் சேரட்டும் என்று. பிறகு உள்ளே போய்ச் சோறு வடிப்பார்கள். யாரும் தலை முழுகவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் சாகவில்லை.

பள்ளிக்கூடம் செவந்து போனதால் ஞானதிரவியம் சார் வேலையில்லாமல் மூக்காண்டி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் அறிவியல் வாத்தியார். ஒரு நாள் சாயங்காலம் சீனி வாங்க வந்த உலகம்மாள், கடையில் நின்றபடியே, யாரைக் கேட்கிறாள் என்று தெரியாதமாதிரி கேட்டாள்.

"ஏன் சார், போறவ எங்க வரைக்கும் போவா?"

"யாரு?"

"கெழக்கவுள்ளவ."

சார் மூக்காண்டியின் கையைக் காட்டினார். மூக்காண்டி பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தார். சார் நாலு சீனிப் பருக்கையை எடுத்து மாவின்மேல் ஒட்டிவைத்து, "இப்ப இழுங்க அண்ணாச்சி" என்றார். மூக்காண்டி இழுத்தார். மாவு அகன்றது, பருக்கைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின.

"இதுல எந்தச் சீனி நடந்து போச்சு, சொல்லுங்க?"

உலகம்மாள் குனிந்து பார்த்தாள். "எதுவும் நடக்கல. ஒட்டின எடத்துலதான் இருக்கு."

"அதேதான். இந்தப் பருக்கைக்கு மத்தது எல்லாம் தன்னை விட்டுட்டு ஓடுதுன்னு தெரியும். அந்தப் பருக்கைக்கும் அப்படித்தான் தெரியும். யாரும் ஓடல. நடுவுல மாவு வளருது. கிட்ட இருக்கது மெதுவா விலகும், நடுவுல மாவு கொஞ்சம்தான். தூரத்துல இருக்கது வேகமா விலகும், நடுவுல மாவு நிறைய. தூரம் கூடக் கூட வேகமும் கூடும். ஒரு எல்லைக்கு மேல போயிட்டா நம்ம ஓடுனாலும் எட்டாது."

"அப்ப செவக்கது?"

"அவங்க வீட்டுல இருந்து வெளிச்சம் கெளம்பும்போது வெள்ளையாத்தான் கெளம்புது. வந்துட்டு இருக்கும்போதே வழி நீளுது, வழியோட சேந்து வெளிச்சமும் இழுபடுது. இழுபட்ட வெளிச்சம் செவப்பாயிரும். அவங்க ஒண்ணும் பெயிண்டு அடிக்கல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உலகம்மாள் சிரிக்கவில்லை.

"அப்ப என் வீடு?"

"அங்க இருந்து பாத்தா உங்க வீடும் செவப்புத்தான். நீங்க அவங்களை விட்டுட்டுப் போறதாத்தான் அவங்க நெனச்சிட்டு இருப்பாங்க."

"நானா?" என்றாள் உலகம்மாள். "நான் எங்க போனேன்? நான் வாசல்லயே நிக்கேன்."

சீனியை வாங்காமலே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பது வருஷமாக ஒரு குற்றத்தை ஒருத்திமேல் வைத்து, அதைக் காலையில் எழுந்ததும் பார்த்து, ராத்திரி படுக்கும்போது பார்த்து, அதன்மேல் சாய்ந்துகொண்டே காலம் தள்ளியவளிடம் வந்து, போகிறவள் போகவில்லை, யாருமே போகவில்லை, குற்றம் யார்மேலும் இல்லை என்று சொன்னால் அவள் எதில் சாய்வாள்? கொம்பையா செத்த அன்றைக்குக்கூட அவளுக்கு வீடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஊர் இன்னொன்றையும் கவனித்தது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் விலகவில்லை. தாயோடு கட்டியிருந்த கன்று விலகவில்லை. ஒட்டிக்கொண்டிருப்பதை அந்த வளர்ச்சி ஒன்றும் செய்யவில்லை, விட்டுக்கிடப்பதைத்தான் பிரித்தது. ஆகவே மிச்சமிருந்த குடும்பங்கள் எல்லாம் கூரையைப் பிரித்துக்கொண்டு மூக்காண்டியின் கடைக்குப் பக்கத்தில் வந்து, சுவரோடு சுவர் ஒட்டி, தேனீக்கூடு போல ஒரே கட்டடமாகக் கட்டிக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பிகள் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து, ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுக்கொண்டு தூங்கினார்கள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் சுவர் தட்டினால் கேட்கிற தூரத்துக்குள்தான் பார்த்தார்கள்.

மூக்காண்டியும் அவர் பெண்டாட்டியும் உலகம்மாளைக் கூப்பிட வந்தார்கள்.

"மதினி, எங்க சுவத்துல ஒரு பக்கம் சும்மாதான் கெடக்கு. வந்துருங்க. இங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போறிய?"

"அங்கன இருந்து பாத்தா கெழக்கவுள்ள வீடு தெரியுமா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

மூக்காண்டி யோசித்தார். "தெரியாது மதினி. கோயில் மறைக்கும்."

"அப்ப வேண்டாம்."

அவர்கள் இரண்டுமுறை வந்தார்கள், பிறகு வர முடியாத தூரமாகிவிட்டது. வடக்கே அந்த ஒட்டுக் கட்டடம் முழுவதும் ஒன்றாகவே மஞ்சளாகி ஒன்றாகவே ஆரஞ்சானது. அங்கே யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது ஒரு நாள் உலகம்மாளுக்குக் கேட்டது. எருமைக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக, "உ... ல... கம்... மா..." என்று. தன் வீடு செவந்து போய்விட்டது என்று அதிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அது எப்போதும்போலப் பச்சையாகத்தான் இருந்தது.

அப்போது அவளைச் சுற்றி ஒன்றுமில்லை. பேச யாருமில்லாததால் அவள் சட்டிபானையோடு பேசினாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். பார்க்கிறதற்கு இருந்தது கிழக்கே அந்த ஒரு வீடு மட்டும்தான். அதன் விளக்கு நாளுக்கு நாள் பிந்தி வந்தது. முதலில் சாயங்காலம் தள்ளி வந்தது, பிறகு விடியும்போது வந்தது, பிறகு நேற்றைய விளக்கா முந்தாநாளைய விளக்கா என்று சொல்ல முடியாமல் ஏதோ ஒரு பொழுதில் வந்தது. பேராச்சி விளக்கைப் பார்க்காமல் தன் விளக்கைப் போடுவதில்லை என்ற வைராக்கியத்தால் உலகம்மாள் பல நாள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவளுக்கு ஒன்று தோன்றியது. அங்கே அவளும் என் விளக்கு வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தால்? உடனே எழுந்து தன் விளக்கை ஏற்றி, திரியை நன்றாகத் தூண்டி, வாசலில் கொண்டுபோய் வைத்தாள். முப்பது வருஷத்தில் அவள் முந்தி விளக்கேற்றியது அதுதான் முதல்முறை. அது போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பார்த்தபோது பேராச்சியின் வீடு அடுப்பில் மறந்து விட்டுப்போன கங்கு மாதிரி, ஊதினால் கனியும், விட்டால் சாம்பலாகும் என்கிற சிவப்பில் இருந்தது. வழக்கப்படி அவள் அந்தத் திசையைப் பார்த்து நின்றாள். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். அந்தப் பேரை அவள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை, கெழக்கவுள்ளவ, அந்தச் சிறுக்கி, அவ என்றெல்லாம்தான் சொல்லியிருந்தது. பேர் தொண்டை வரை வந்து நின்றுகொண்டது.

கூப்பிடவில்லை. உள்ளே போய் ஒரு குடத்தில் தண்ணீரும் ஒரு துணியில் அவலும் கட்டி எடுத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் கிழக்கே நடக்கத் தொடங்கினாள்.

முதலில் பழக்கமான பாத்திகள் வந்தன, உப்பு இறுகிப்போன, யாரும் வாராத பாத்திகள். பிறகு புது நிலம் வந்தது. அந்த நிலத்துக்கு வாசனை கிடையாது. ஒரு முள் கிடையாது, ஒரு கிளிஞ்சல் கிடையாது, யார் காலும் படாததால் நடக்கும்போது சத்தமும் கிடையாது. பேர் வைக்கப்படாத நிலத்தில் நடக்கும்போது எங்கே இருக்கிறோம் என்று நினைப்பதற்குக்கூட வார்த்தை கிடைக்காது என்று அவள் கண்டாள். திரும்பிப் பார்த்தபோது தன் வீடு மஞ்சளாகத் தெரிந்தது. இன்னொருமுறை திரும்பிப் பார்த்தபோது சிவந்திருந்தது. தன் வீடு சிவப்பதைத் தானே பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்லி முடியாது, தன் பிரேதத்துக்கு வெளியே நின்று பார்ப்பது மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன்பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தாள். தூங்கி எழுந்து நடந்தாள். தண்ணீர் பாதியானது. எவ்வளவு நடந்தாலும் கிழக்கே அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு கடுகளவும் பெரிதாகவில்லை. சார் சொன்ன எல்லை தாண்டிவிட்டது, தன் கால் நடக்கிற வேகத்தைவிட நிலம் வளர்கிற வேகம் அதிகமாகிவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு மத்தியான வேளையில், நிழலே இல்லாத அந்த வெளியில் உட்கார்ந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி கறுத்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பேர் வாயில் வந்தது.

"பேராச்சீ" என்று கூப்பிட்டாள். இரண்டாம் தடவை அழுதுகொண்டு கூப்பிட்டாள். குரல் போய்க்கொண்டே இருந்தது, திரும்பி வருவதற்கு அங்கே ஒரு சுவர்கூட இல்லை.

எவ்வளவு நேரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாளோ, நிமிர்ந்தபோது கிழக்கே நிலமும் வானமும் சேருகிற இடத்தில் நீலமாக ஒன்று தெரிந்தது. வானத்தின் நீலம் இல்லை அது. எருக்கம்பூவின் நடுவில் இருக்கும் ஊதாவும், மண்ணெண்ணெய் அடுப்பு நன்றாக எரியும்போது வரும் நீலமும் கலந்த ஒரு பொட்டு. அவ்வளவு மாதங்களாக மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பையும் தவிரத் தூரத்தில் வேறு எதையும் காணாத அவள் கண்களுக்கு அது வலித்தது. வழி நீண்டால் வெளிச்சம் சிவக்கும் என்று சார் சொன்னார். வழி குறைந்தால் என்ன ஆகும் என்று சார் சொல்லவில்லை, இந்த ஊரில் யாருக்கும் அதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. உலகம்மாள் எழுந்து நின்றாள். யாரோ வருகிறார்கள். நிலம் வளர்கிற வேகத்தையும் மீறி யாரோ தன்னை நோக்கி வருகிறார்கள்.

அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். அறுபது தாண்டிய கால்கள் எப்படி ஓடுமோ அப்படி ஓடினாள். ஓட ஓட அந்தப் பொட்டு இன்னும் நீலமானது, பிறகு அதற்குக் கை முளைத்தது, கால் முளைத்தது, தலையில் ஒரு சும்மாடும் அதன்மேல் ஒரு பெட்டியும் முளைத்தன. கீச்சென்று, சிட்டுக்குருவிபோல, ஒரு குரல் முன்னால் ஓடி வந்தது. "அக்கா, அக்கா, அக்கா" என்று அது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வந்து நின்றதும் நீலம் வடிந்துபோய், அரக்குச் சேலை கட்டிய, மூச்சிரைக்கிற, முன்பல் இரண்டு போன ஒரு கிழவி நின்றாள். உலகம்மாள் அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அவளுக்கு மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது. முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தும் இந்த மச்சம் தனக்குத் தெரியாமல் போனதே என்று உலகம்மாளுக்குக் கோபம் வந்தது.

"எங்க போறே நீ?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்குத்தான் வாரேன்" என்றாள் பேராச்சி. "நீங்க எங்க போறிய?"

"ஒன் வீட்டுக்கு."

பேராச்சி பெட்டியை இறக்கி வைத்தாள்.

"நீங்க என் மேல உள்ள வெறுப்புல வீட்டோட மேக்க போறியன்னு நெனச்சேங்க்கா. ஆத்தாடி, இவ்வளவு வெறுப்பான்னு இருந்துச்சு. பெறகு மக போன்ல பேசினா, அவ கொரல் ஆம்பளக் கொரலா ஆயி, இழுத்து இழுத்து, கடைசியில ம்முன்னு ஒரு சத்தம் மட்டும் ரெண்டு நாளு வந்துச்சு. அதுக்குப் பெறகு அதுவும் இல்ல. சுத்தி ஒருத்தரும் இல்ல. ஒங்க வீடு மட்டும் செவப்பா தெரிஞ்சிட்டு இருந்துச்சு. அதுவும் அணையப் போகுதுன்னு தெரிஞ்சதும் வீட்ட அப்படியே போட்டுட்டு எறங்கிட்டேன்."

"வெளக்கு பாத்தியா? நான் முந்திப் பொருத்துனேன்."

"என்னைக்கு?"

உலகம்மாள் சொன்னாள். பேராச்சி இல்லையென்று தலையை ஆட்டினாள். அந்த வெளிச்சம் அவளை வந்து எட்டவில்லை. அது இன்னும் வழியில் இருந்தது, ஆளில்லாத ஒரு வீட்டை நோக்கி.

இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி நடந்து, குடத்தை வைத்த இடத்துக்கு வந்தார்கள். மேற்கே உலகம்மாளின் வீடு மங்கிய கங்காகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கறுத்தது. கிழக்கே ஒன்றுமில்லை, மேற்கே ஒன்றுமில்லை, வடக்கே எங்கோ மூக்காண்டியின் கட்டடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருக்கிறார்கள், யாரும் எங்கும் போகவில்லை, ஆனால் யாரையும் இனிப் பார்க்க முடியாது. உலகம்மாள் கொம்பையாவைப் புதைத்த இடத்தை நினைத்துக்கொண்டாள். அதுவும் எங்கோ ஒரு பக்கத்தில் போயிருக்கும். பேராச்சி தன் மகளை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாய்விட்டு அழ ஒருத்தருக்கும் வரவில்லை.

உலகம்மாள் உட்கார்ந்து அவல் மூட்டையை அவிழ்த்தாள். பேராச்சி பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து, முழங்காலில் வைத்துத் தட்டி உடைத்தாள். பெரிய துண்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில், தோளில் தோள் படும்படி வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காரேன்" என்றாள் உலகம்மாள், பழக்கதோஷத்தில்.

"தள்ளி உக்காந்தா போயிருவேங்க்கா" என்றாள் பேராச்சி.

பேராச்சியின் முந்தானை தரையில் புரண்டுகொண்டிருந்தது. உலகம்மாள் அதைப் பிடித்து இழுத்து, தன் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டு, அவலைத் தின்ன ஆரம்பித்தாள்.